கமாம்பேரும் சங்கக் கணக்கும்

ஆங்கிலத்தில் இதற்கு 'பை சார்ட்' என்று பெயர். தமிழ்ப் பாடப் புத்தகத்தில் 'வட்ட விளக்கப்படம்'. புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்த எங்களுக்கு மட்டும் அது 'கமாம்பேர்'.

கமாம்பேர் என்பது பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் உள்ள ஒரு சிற்றூர். அந்த ஊர்ப் பெயரால் வழங்கும் பாலாடைக்கட்டி வட்டமாக, உள்ளங்கை அகலத்தில் இருக்கும். நடுவிலிருந்து ஓரம்வரை முக்கோணத் துண்டுகளாக வெட்டித்தான் தட்டில் வைப்பார்கள். அதனால் வட்டத்தைத் துண்டு போட்டுக் காட்டும் படத்துக்கும் பிரெஞ்சுக்காரர்கள் அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். நாங்கள் அந்தக் கட்டியைக் கண்ணால் பார்ப்பதற்குப் பல வருஷம் முன்பே கணக்கு நோட்டில் அதை வரைந்து முடித்துவிட்டோம். இதையெல்லாம் என் மனைவிக்கு விளக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். "அடையை ஆறாப் போட்டுத் தட்டுல வைக்கிற மாதிரின்னு சொன்னா போதாதா?" என்றாள். போதும்தான்.

எழுபத்தைந்து வயதில் ஒரு கமாம்பேரை ஜாவாஸ்கிரிப்ட் எழுதி இணையதளத்தில் ஏற்றினேன். அதைப் பற்றித்தான் இன்று எழுதப் போகிறேன். நம் வயதுக்காரர்கள் பயப்பட வேண்டாம். அடிவளைவுக் கருவி பிடித்து வரைந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை.

இந்தப் படத்துக்கு வயது இருநூறுக்கு மேல். வில்லியம் பிளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1801-ல் வெளியிட்ட புள்ளிவிவரப் புத்தகத்தில் முதன்முதலாக வருகிறது. துருக்கிப் பேரரசின் நிலப்பரப்பு ஆசியாவில் எவ்வளவு, ஐரோப்பாவில் எவ்வளவு, ஆப்பிரிக்காவில் எவ்வளவு என்று ஒரே வட்டத்தில் பிரித்துக் காட்டினார். இவர் இளவயதில், நீராவி எஞ்சின் ஜேம்ஸ் வாட்டிடம் வரைவாளராக வேலை பார்த்தவர். பிறகு பிரான்சில் மினார் என்ற பொறியாளர் 1858-ல் ஒரு காரியம் செய்தார். பாரிஸ் நகரத்துக்கு எந்தெந்த மாவட்டத்திலிருந்து எவ்வளவு இறைச்சி போகிறது என்று தேசப்படத்தின் மேலேயே சின்னதும் பெரிதுமாக வட்டங்களைப் போட்டு, ஒவ்வொன்றையும் மாடு, கன்று, ஆடு என்று துண்டாக்கினார். வட்டத்தின் பரப்பு மொத்தத்தைச் சொல்லும், துண்டு பங்கைச் சொல்லும். குமாஸ்தாவாக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் படத்துக்குப் பின்னால் எத்தனை பேரேடு புரட்டியிருப்பார் என்று நினைத்தாலே கை வலிக்கிறது.

எங்கள் பள்ளியில் கோணமானிக்கு 'ரப்போர்த்தர்' என்று பெயர். அந்த வார்த்தைக்கே பிரெஞ்சில் இன்னொரு அர்த்தம், வாத்தியாரிடம் போய்க் கோள் சொல்லும் பையன். வகுப்பில் அப்படி ஒருவன் இருந்தான், பாவம், கணக்கு நேரத்தில் அவன் பட்ட பாடு சொல்லி முடியாது. அந்த ரப்போர்த்தரில் இரண்டு வரிசை எண்கள் இருக்கும். ஒன்று எல்லாரும் அறிந்த டிகிரி, முழு வட்டத்துக்கு 360. மற்றது 'கிராத்', முழு வட்டத்துக்கு 400. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு எல்லாவற்றையும் பத்து நூறாக மாற்றினார்களே, மீட்டர், கிராம் எல்லாம் வந்த அதே சமயம், செங்கோணத்தையும் நூறாக்கிவிட்டார்கள். மீட்டர் உலகத்தை வென்றது. கிராத் ஜெயிக்கவில்லை.

ஆனால் எனக்கு அது சோறு போட்டது. 1972-ல் எல்.டி.சி.யாகச் சேர்ந்தேன். புள்ளிவிவரம் பார்க்கும் பிரிவில் போட்டார்கள். வருஷா வருஷம் ஒரு கையேடு வரும். 'ஒரு ரூபாய் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது' என்று பட்ஜெட் சமயத்தில் பத்திரிகைகளில் ஒரு வட்டம் போடுவார்களே, அந்த மாதிரிப் படங்கள் அதில் இருக்கும். என் சகாக்கள் சதவீதத்தை 3.6-ஆல் பெருக்கி டிகிரி கண்டுபிடிப்பார்கள். 7.5 சதவீதம் என்றால் 27 டிகிரி, அதற்குள் ஒரு துண்டுத்தாள் நிரம்பிவிடும். நான் பழைய ரப்போர்த்தரைக் கொண்டுபோய் நாலால் பெருக்குவேன். ஒரு சதவீதம் நாலு கிராத். 7.5-க்கு 30. மனக்கணக்கே போதும். "முசியே என்னமோ மந்திரம் போடறாரு" என்பார்கள். கலர் அச்சு கிடையாது. ஸ்டென்சிலில் போகவேண்டும் என்பதால் ஒரு துண்டுக்குச் சாய்கோடு, ஒன்றுக்குப் புள்ளி, ஒன்றுக்குக் கட்டம், ஒன்று வெறுமை. சாய்கோடு போட்டுப் போட்டு விரலில் காய்ப்பு விழுந்தது இன்னும் இருக்கிறது.

இனி சங்கத்துக்கு வருகிறேன். ஓய்வு பெற்றவர்களுக்கு ஊரில் எத்தனையோ சங்கம். அதில் எங்களுடையதும் ஒன்று, பெயர் வேண்டாம். வருஷத்துக்கு இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் செலவு. பொதுக்குழுவில் வரவு செலவு அறிக்கை என்று நாலு பக்கம் கொடுப்பார்கள். யாரும் படிக்க மாட்டோம். எழுத்து சின்னது, கண்ணாடி வீட்டில் இருக்கும், சாப்பாட்டுக்கு நேரமாகும். "ஏகமனதாக நிறைவேறியது" என்று கைதட்டிவிட்டு இலையில் உட்கார்ந்துவிடுவோம்.

போன வருஷம் ஓர் அம்மாள் விண்ணப்பம் கொடுத்திருந்தார். அவர் கணவர் எங்கள் அலுவலகத்தில் பியூனாக இருந்து காலமானவர். எனக்காக எத்தனையோ பைல் சுமந்த மனுஷன். அந்த அம்மாளுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். வைத்தியத்துக்குச் செலவில்லை, போய்வர ஆட்டோவுக்குத்தான் முடியவில்லை. மாதம் ஆயிரத்து ஐந்நூறு கேட்டிருந்தார். "நிதி நிலைமை இடம் தரவில்லை" என்று பதில் போயிற்று. செயலாளர் சொன்ன காரணம் நியாயமாகத்தான் ஒலித்தது. மாதம் ஆயிரத்து ஐந்நூறு என்றால் வருஷத்துக்குப் பதினெட்டாயிரம். சங்கத்தின் மருத்துவ உதவித் தொகை மொத்தமே பதினெட்டாயிரம். ஒருவருக்கே எல்லாவற்றையும் தூக்கிக் கொடுக்க முடியுமா?

முடியாதுதான். ஆனால் மொத்தமே ஏன் பதினெட்டாயிரம்? இந்தக் கேள்வி எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. அறிக்கையை எடுத்து ஐந்து இனமாகப் பிரித்தேன். கட்டட வாடகை 72,000. ஆண்டு விழா 66,000. அச்சும் தபாலும் 30,000. மருத்துவ உதவி 18,000. இதர செலவுகள் 54,000. சங்கத்துக்கு அப்போதுதான் புதிதாக ஓர் இணையதளம் தொடங்கியிருந்தார்கள், அதில் கணக்குப் பக்கம் காலியாகக் கிடந்தது. "நீங்கதான் புள்ளிவிவரம் பார்த்தவராச்சே, ஏதாவது படம் போட்டுக் குடுங்க" என்று செயலாளரே கேட்டார். சரி என்றேன்.

எங்கள் மாடியில் குடியிருப்பவர்களின் பையன் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படிக்கிறான். "தாத்தா, சார்ட் ஜேஎஸ்னு ரெடிமேடா இருக்கு. நம்பரை மட்டும் குடுத்தா அதுவே போட்டுடும்" என்றான். நான் ரெடிமேட் சட்டை போட்டவன் இல்லை. அளவெடுத்துத் தைத்துப் போட்டவன். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் ஒரு படத்தின் கீழ் என் பெயரைப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவன் சிரித்துக்கொண்டே நோட்பேடைத் திறந்தான்.

ஜாவாஸ்கிரிப்ட் என்பது 1995-ல் நெட்ஸ்கேப் கம்பெனியில் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாளில் முதல் வடிவத்தை எழுதிக் கொடுத்த மொழி. பத்து நாளில் எங்கள் அலுவலகத்தில் ஒரு பைல் ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குப் போகாது. படம் வரைவதற்கு வலைப்பக்கத்தில் 'கேன்வாஸ்' என்று ஒரு வெற்று இடம் விடலாம். 2004-ல் ஆப்பிள் கம்பெனிக்காரர்கள் கொண்டுவந்தது, பிறகு எல்லா பிரவுசரிலும் வந்துவிட்டது. இத்தனை அகலம், இத்தனை உயரம் என்று ஒரு தாளைப் பக்கத்தில் ஒட்டியதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் பேனாவை எங்கே வைக்க வேண்டும், எப்படி இழுக்க வேண்டும் என்று வரி வரியாகச் சொல்லவேண்டும்.

முதலில் ஐந்து தொகைகளையும் வரிசையாக எழுதி, கூட்டி, மொத்தம் வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு தொகையையும் மொத்தத்தால் வகுத்து, முழு வட்டத்தால் பெருக்கினால் அந்தத் துண்டின் கோணம். இங்கேதான் ஒரு விசேஷம். இந்த மொழிக்கு டிகிரியும் தெரியாது, என் செல்லக் கிராத்தும் தெரியாது. அதற்கு ரேடியன்தான். முழு வட்டம் என்பது இரண்டு பை, அதாவது சுமார் 6.2832. (பை சார்ட்டிலும் பை, கணக்கிலும் பை, நான் கடைக்குக் கிளம்பும்போது மனைவி நீட்டுவதும் பை. பையன் இதைக் கேட்டு ரொம்பச் சிரித்தான்.) மருத்துவ உதவிக்குக் கணக்குப் போட்டால் 0.471 ரேடியன். பழைய கணக்கில் 27 டிகிரி, 30 கிராத். வாடகைக்கு 120 கிராத், விழாவுக்கு 110.

பிறகு வரைவது. பேனாவை வட்டத்தின் நடுவில் வை என்று ஒரு வரி. அங்கிருந்து வில்லை இழு என்று ஒரு வரி. அதற்கு 'ஆர்க்' என்று பெயர். நடுப்புள்ளி, ஆரம், தொடங்கும் கோணம், முடியும் கோணம் நான்கையும் கொடுக்கவேண்டும். பாதையை மூடு, நிறத்தை நிரப்பு, அவ்வளவுதான். நடுவில் பேனாவை வைக்கும் அந்த வரியை விட்டால் துண்டு வராது, வில்லும் நாணும் போல ஓரத்தில் ஒரு பிறைதான் வரும். ஒரு துண்டு முடிந்த கோணத்தில் அடுத்த துண்டு தொடங்கவேண்டும். எனவே ஒரு எண்ணை வைத்துக்கொண்டு ஒவ்வொரு துண்டின் கோணத்தையும் அதில் கூட்டிக்கொண்டே போகவேண்டும். பேரேட்டில் 'முன் பக்கத்திலிருந்து கொண்டுவந்தது' என்று எழுதுவோமே, அதேதான்.

திசை விஷயத்தில் ஒரு தகராறு உண்டு. பள்ளியில் கோணத்தை மணிமுள்ளுக்கு எதிராகச் சுற்றித்தான் அளப்போம். பிரெஞ்சில் அதற்குத் 'திரிகோணமிதித் திசை' என்றே பெயர். கம்ப்யூட்டர் திரையில் மேலிருந்து கீழே எண் கூடுகிறது. அதனால் கோணம் மணிமுள் போகும் பக்கமே போகும். தொடங்கும் இடமோ மூன்று மணி. நம் கண் பழகியது பன்னிரண்டு மணியிலிருந்து. கால் வட்டம் கழித்துத் தொடங்கு என்று சொல்லிவிட்டால் சரியாகிவிடும்.

பிரெஞ்சுப் பள்ளிக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டிய இன்னோர் இடம் கமா. நாங்கள் ஏழரையை 7,5 என்று எழுதிப் பழகியவர்கள், தசமப் புள்ளிக்குப் பதில் கமா. அரசாங்க வேலைக்கு வந்ததும் ஆயிரத்துக்குக் கமா போடக் கற்றுக்கொண்டோம். இந்த மொழிக்கு இரண்டும் ஆகாது. கமா என்றால் அதற்கு 'அடுத்த பொருள்' என்று அர்த்தம். 72,000 என்று வரிசையில் எழுதினால் எழுபத்திரண்டு ஒரு துண்டு, பூஜ்யம் ஒரு துண்டு என்று எடுத்துக்கொள்ளும். இன்னொன்றும் பையன் சொல்லிக் கொடுத்தான். பெட்டியில் தட்டச்சு செய்து வாங்கும் எண் அதற்கு எண் இல்லை, எழுத்து. பன்னிரண்டையும் முப்பதையும் கூட்டு என்றால் நாற்பத்திரண்டு வராது, 1230 என்று பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவைத்துவிடும். 'இது எண்' என்று முன்கூட்டியே சொல்லவேண்டும். நேற்றுச் சேர்ந்த எல்.டி.சி.க்குக்கூட அவ்வளவு சொல்ல வேண்டியிருக்காது.

எனக்குப் பிடித்த பகுதி பெயர் எழுதுவது. ஒவ்வொரு துண்டின் பெயரும் அதன் நடுவில் வரவேண்டும். துண்டின் பாதிக் கோணத்தை எடுத்து, கொசைன் பார்த்து ஆரத்தில் மூன்றில் இரண்டு பங்கால் பெருக்கினால் பக்கவாட்டில் எவ்வளவு, சைன் பார்த்துப் பெருக்கினால் மேல் கீழாக எவ்வளவு என்று வந்துவிடும். கொசைன், சைன் எல்லாம் மனப்பாடம் பண்ணிப் பரீட்சை எழுதிய பிறகு அறுபது வருஷம் அவை எனக்கு ஒரு காசுக்குப் பயன்படவில்லை. 'மருத்துவ உதவி' என்ற எழுத்து அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தபோது, எங்கள் கணக்கு வாத்தியார் இருந்திருந்தால் போன் பண்ணியிருப்பேன்.

மொத்தம் நாற்பது வரி. இரண்டு மாலை.

படத்தைப் பார்க்க முதலில் செயலாளர்தான் வந்தார். அவரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், கெட்ட மனுஷர் இல்லை. ஒன்பது வருஷமாகச் சம்பளம் இல்லாமல் சங்கத்தை இழுத்துக்கொண்டிருக்கிறார். விழா அன்றைக்கு மட்டும்தான் வெளியே வரும் உறுப்பினர்கள் பலர் இருக்கிறார்கள், அதற்காகச் செய்யும் செலவை வீண் என்று நான் சொல்ல மாட்டேன். காபியைக் கையில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தார்.

"என்ன முசியே, மருத்துவ உதவி இவ்ளோ ஒல்லியா தெரியுது?"

"ஒல்லியாத்தான் இருக்கு."

"அதை இதரத்தோட சேத்துடலாமே. 'நலத்திட்டம், இதர செலவுகள்'னு ஒரே துண்டாப் போட்டா பாக்க நல்லாருக்கும்."

சேர்த்தால் 30 சதவீதம். வாடகைக்குச் சமமாக, கம்பீரமாக இருக்கும். ஒரு பொய்கூடக் கிடையாது, கூட்டல் சரி. நான் முடியாது என்றேன்.

"அப்போ அந்த முப்பரிமாணம்னு போடறாங்களே, தட்டைச் சாய்ச்ச மாதிரி, அப்படிப் போடுங்க. மருத்துவத்தை முன்பக்கம் வெச்சுடுங்க."

இவருக்கு இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை, ஆனால் சரியாகத்தான் சொன்னார். வட்டத்தைச் சாய்த்தால் அது நீள்வட்டமாகிவிடும். முன்னால் இருக்கும் துண்டுக்கு விளிம்பின் கனமும் சேர்ந்து பெரிதாகத் தெரியும், பின்னால் இருப்பது சுருங்கும். எண்ணை மாற்றாமலே கண்ணை மாற்றும் வித்தை. "சார், நான் தட்டையாத்தான் போடுவேன். வேண்டாம்னா படமே வேண்டாம்" என்றேன். காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

இந்தப் படத்தைக் குறை சொல்லும் அறிஞர்கள் உண்டு. 1984-ல் கிளீவ்லண்ட், மெக்கில் என்ற இரண்டு அமெரிக்கப் புள்ளியியலாளர்கள் ஆட்களை வைத்துச் சோதித்து, மனிதக் கண் கோணத்தைவிட நீளத்தைத்தான் சரியாக மதிப்பிடும் என்று காட்டினார்கள். 30-க்கும் 27.5-க்கும் உள்ள வித்தியாசம் வட்டத்தில் தெரியாது, பட்டைப் படத்தில் தெரியும். எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் இங்கே வாடகை பெரிதா விழா பெரிதா என்பது கேள்வி இல்லை. நம் ஒரு ரூபாயில் அந்த அம்மாளைப் போன்றவர்களுக்குப் போவது எவ்வளவு என்பதுதான் கேள்வி. அதற்குக் கமாம்பேர் போதும்.

பொதுக்குழுவுக்கு அதையே பெரிய தாளில் அச்சடித்துச் சுவரில் ஒட்டினேன். நிறத்தோடு பழைய வழக்கப்படி சாய்கோடு, புள்ளி, கட்டமும் சேர்த்திருந்தேன். சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் நம்மிலேயே சிலர் இருக்கிறார்கள், கண்புரைக்காரர்களோ நிறையப் பேர். சாப்பாட்டுக்கு முன் எல்லாரும் அந்தச் சுவர்ப்பக்கம் போய் நின்றார்கள். நாலு பக்க அறிக்கையை ஒன்பது வருஷமாகப் படிக்காதவர்கள். ஒரு பெரியவர், முன்னாள் கணக்கு அலுவலர், கைத்தடியால் ஒல்லித் துண்டைத் தொட்டு, "இது என்ன?" என்றார். சொன்னேன். தடி நகர்ந்து பக்கத்துத் துண்டுக்குப் போனது. "இது?" இதர செலவுகள் என்றேன். "இதரன்னா?"

அந்த 'இதரன்னா'வுக்குப் பதில் சொல்ல ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. சாம்பார் ஆறிவிட்டது. யாரும் திருடவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். சால்வை, மாலை, கார் வாடகை, மீட்டிங் டிபன் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் ரசீது இருந்தது.

இந்த வருஷத் திட்டத்தில் விழாவுக்கு 48,000, இதரத்துக்கு 48,000, அச்சுக்கும் தபாலுக்கும் 24,000, மருத்துவ உதவிக்கு 48,000. வாடகையை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. மருத்துவ உதவி இப்போது 80 கிராத். நிரலில் நான் தொட்டது நாலு எண்களைத்தான், மீதியை அதுவே வரைந்துகொண்டது. அந்த அம்மாளுக்குச் சித்திரை மாதத்திலிருந்து ஆட்டோ பணம் போகிறது. விழாவில் இந்தத் தடவை இனிப்பு ஒன்றுதான், இரண்டு இல்லை. அதற்கு என்னிடம் நேராகவே குறைப்பட்டுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

செயலாளர் மூன்று மாதம் வீட்டுப் பக்கம் வரவில்லை. போன வாரம் வந்தார். காபியை முழுசாகக் குடித்தார். பிறகு பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மேஜையில் வைத்தார்.

"செலவுக்குப் போட்டாச்சு. வரவேண்டிய சந்தாவுக்கும் ஒண்ணு போடுங்க முசியே. குடுத்தவங்க எவ்ளோ, குடுக்காதவங்க எவ்ளோன்னு. தட்டையாவே போடுங்க."

நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். விழா இனிப்புக்குக் குறைப்பட்டவர்களில் நாலு பேர் அதில் இருக்கிறார்கள். இரண்டே துண்டுதான், பத்து நிமிஷ வேலை. நாளை மாலை உட்காரவேண்டும். அந்த நாற்பது வரி யாருக்காவது வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்பி வைக்கிறேன்.